வம்சாவளியில் விட்டுப்போன பேர்கள்

கரிசல் காட்டில் நிலத்துக்குப் பட்டா தாலுகா ஆபீஸில் இருக்கும். சொந்தத்துக்குப் பட்டா பொம்பளைகளின் ஞாபகத்தில் இருக்கும். எங்கள் ஆச்சி கைநாட்டு. ஆனால் கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் போகும் வழியில் உள்ள ஊர்களில் எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டுக்கு வாக்கப்பட்டாள், அவளுக்கு எத்தனை பிள்ளை, அதில் யார் நமக்கு முறை, யார் முறையில்லை என்பதை நாலைந்து தலைமுறைக்கு மூச்சு வாங்காமல் சொல்லுவாள். பெருமைக்கு வைத்திருந்த கணக்கு இல்லை அது. கல்யாணத்துக்கு வைத்திருந்த கணக்கு.

நான் அரசு ஆஸ்பத்திரிகளில் லேப் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ரத்தமும் மூத்திரமும் பார்த்தே என் காலம் போனது. நானும் அத்தை மகனைக் கட்டியவள்தான்; பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். சொந்தத்தில் கட்டும் வழக்கத்தையும், சொந்த ரத்தத்தில் இறங்கி மூளையைத் தொடும் சில அபூர்வ நோய்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஆச்சியின் கணக்கு ஏன் முழுக் கணக்கு இல்லை என்பது அப்படிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

முதலில் மண். இங்கே வருஷத்துக்கு எழுநூறு மில்லிமீட்டர் அளவில்தான் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். ஆற்றுப் பாசனம் கிடையாது. கம்பு, சோளம், உளுந்து, மல்லி, கருங்கண்ணிப் பருத்தி எல்லாமே மானாவாரி. ஒரு வருஷம் பொய்த்தால் அடுத்த விதைப்புக்கு விதை வேண்டும், உழவு மாடு வேண்டும், கைமாற்று வேண்டும். அசலில் சம்பந்தம் செய்தவர்களிடம் போய் நிற்கக் கூச்சம். அண்ணன் வீடே சம்பந்தி வீடாக இருந்தால் கேட்கவும் உரிமை உண்டு, கோபித்துக்கொள்ளவும் உரிமை உண்டு. பெண்ணோடு போகும் நகையும் மாடும் ஒரு தலைமுறை கழித்துத் திரும்பி வரும். காடு துண்டுபடாது. பஞ்சம் பார்த்த பூமியில் இது மூடப்பழக்கமாக முளைக்கவில்லை, காப்பீடாக முளைத்தது.

முறை என்பது எல்லோருக்கும் ஒன்றில்லை. சில சாதிகளில் அக்கா மகளைக் கட்டுவது முதல் உரிமை. தாய்வழியில் கிளை எண்ணும் கொண்டையங்கோட்டை மறவரில் தம்பியும் அக்காவும் அக்கா மகளும் ஒரே கிளை என்பதால் அது முறை தப்பு. மாமன் மகள், அத்தை மகள் மட்டும் முறை. பெண் ஆளாகிவிட்டால் குச்சில் கட்டுவதும் சீர் கொண்டுவருவதும் தாய்மாமன். முறைமாப்பிள்ளை இருக்க, அவனைக் கேட்காமல் அசலில் கொடுத்துவிட்டால் ஊர்க்கூட்டம் வரைக்கும் போன வழக்குகள் உண்டு.

கரிசலுக்கு ஆட்கள் வந்து சேர்ந்த விதமும் இதில் சேர்த்தி. விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கேயிருந்து தெலுங்கு பேசும் குடும்பங்கள் இறங்கி, காடு திருத்தி, ஊர் அமைத்தன. இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் 1976-இல் ‘கோபல்ல கிராமம்’ நாவலில் சொன்னது அப்படி வந்த ஒரு கூட்டத்தின் கதையைத்தான். இலக்கியம் படிப்பவர் அதில் மனுசரைப் பார்ப்பார். மரபியல் படித்தவருக்கு இன்னொன்றும் தெரியும்: சில குடும்பங்கள் மட்டும் வந்து, பெருகி, தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்தால், அந்த முதல் சிலரில் ஒருவரிடம் இருந்த ஒரு பழுதான மரபணு பல நூறு வருஷம் கழித்து ஆயிரம் பேரிடம் இருக்கலாம். தெலுங்கு பேசுகிறவர்களுக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை இது. சாதிக்குள்ளேயே கட்டும் எல்லோருக்கும் பொது.

அந்தப் பழுது என்ன செய்கிறது என்பதற்கு நம் கண்மாய் மடையைப் பார்த்தால் போதும். உடம்புக்குள் ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நொதி உட்கார்ந்திருக்கிறது. மடை அடைத்துக்கொண்டால் மேலே தண்ணீர் நின்று கரையை அரிக்கும். கீழே வயல் காயும். நொதி இல்லாவிட்டால் மாற வேண்டிய பொருள் ரத்தத்திலும் மூளையிலும் தேங்கும். உண்டாக வேண்டிய பொருள் உண்டாகாது. இப்படிப்பட்ட நோய்களில் பெரும்பாலானவை வர, தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான பிரதி வேண்டும். ஒன்று மட்டும் இருப்பவர் ஆரோக்கியமாகவே இருப்பார். தன்னிடம் இருப்பதே தெரியாது. மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு, பொது மூதாதையின் ஒரே பிரதி இரண்டு வழியிலும் வந்து சேர, எந்த மரபணுவை எடுத்தாலும் 16-இல் 1 வாய்ப்பு. அக்கா மகளைக் கட்டினால் 8-இல் 1.

இதை முதலில் கண்டு சொன்னவர் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட். காற்றுப்பட்டால் மூத்திரம் கறுத்துப்போகும் அல்கேப்டனூரியா என்ற குறைபாடு பற்றி 1902-இல் எழுதினார். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை உறவில் இருப்பதைக் கவனித்தார். மறக்கப்பட்டுக் கிடந்த மெண்டலின் விதி 1900-இல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்திருந்தது. அதை மனுச நோய்க்குப் பொருத்திக் காட்டிய முதல் ஆள் கேரட். நடுவில் 1901-இல் நம் கோவில்பட்டியிலும் ஒரு காரியம் நடந்தது. பருத்திக்கு அரசு ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கினார்கள். பின்னாளில் வந்த ‘கே’ ரகப் பருத்திகளின் அந்த ‘கே’ கோவில்பட்டிதான். எந்தச் செடிக்கு எந்தச் செடி தாய், எந்த வரிசை நன்றாக வந்தது, எந்த வரிசை சொத்தையாகப் போனது என்று எழுதிவைப்பதுதான் ரகம் பிரிக்கிறவர்களின் வேலை. சொத்தையை எழுதாமல் விட்டால் அடுத்த ரகம் கிடைக்காது. பருத்திக்குச் செய்த அந்தக் காரியத்தைப் பக்கத்து வீடுகளில் மனுசருக்கு யாரும் செய்யவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் லேபில் பெர்ரிக் குளோரைடு குப்பி ஒன்று அலமாரியில் இருக்கும். சர்க்கரை நோய் முற்றியவர்களின் மூத்திரத்தில் சொட்டு விட்டுப் பார்ப்போம்; ஒரு வகைக் கீட்டோன் இருந்தால் செந்நிறமாக மாறும். 1934-இல் நார்வேயில் ஆஸ்பியார்ன் ஃபோலிங் என்ற மருத்துவரும் அதே சொட்டைத்தான் விட்டார். போர்க்னி எகலன்ட் என்ற தாய் தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்திருந்தாள். இரண்டும் புத்தி வளராத பிள்ளைகள். இரண்டின் மேலும் ஒரு வாடை. அந்த வாடை எதனால் என்பதே அவளுடைய கேள்வி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபோலிங் மட்டும் மூத்திரம் கொண்டுவரச் சொன்னார். சிவப்பு வரும் என்று பார்த்தால் பச்சை வந்தது. பிறகு மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் 430 பேரைச் சோதித்தார். எட்டுப் பேருக்குப் பச்சை. அதுதான் பினைல்கீட்டோனூரியா. புரதத்தில் வரும் பினைல்அலனினைக் கையாளும் நொதி அவர்களுக்கு இல்லை. 1953-இல் ஹார்ஸ்ட் பிக்கல், அந்தச் சத்தைக் குறைத்த உணவு கொடுத்தால் பிள்ளை தெளிவதைக் காட்டினார். அங்கேயும் ஒரு தாய்தான் அவரை விடாமல் நச்சரித்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1962-இல் வட அயர்லாந்தில் நினா கார்சனும் டெஸ்மண்ட் நீலும் புத்தி மந்தம் என்று ஒதுக்கப்பட்டவர்களின் மூத்திரத்தைச் சோதித்தபோது ஹோமோசிஸ்டினூரியா பிடிபட்டது. நெடுநெடுவென்ற உயரம், ஒல்லியான கை கால், கண்ணுக்குள் லென்ஸ் இடம் நழுவுதல், சின்ன வயதிலேயே ரத்தம் உறைதல், இவற்றோடு மனநோயும் வரலாம். 1987-இல் 63 நோயாளிகளைப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில் பாதிப்பேருக்கு மனநலப் பிரச்சினை இருந்தது. பாதிக்குக் கொஞ்சம் கூடக்குறைய நோயாளிகளுக்கு வைட்டமின் பி6 மாத்திரையே வேலை செய்யும். 1975-இல் ஃப்ரீமன், ஃபிங்கல்ஸ்டைன், மட் மூவரும் எழுதிய ஒரு பெண்ணின் கதை இன்னும் துலக்கமானது. ஸ்கிசோஃப்ரீனியா என்று முடிவு கட்டப்பட்ட பெண் அவள். அவளுக்குக் குறைவாக இருந்தது ஃபோலேட்டைப் பக்குவப்படுத்தும் ஒரு நொதி. ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது தெளிந்தாள், நிறுத்தியபோது மறுபடி கலங்கினாள்.

மெட்டாகுரோமேட்டிக் லியூக்கோடிஸ்ட்ரோஃபி என்று ஒரு நோய் உண்டு. நரம்பின் உறை அழியும். இளவயதில் தொடங்கினால் கை கால் தளர்வதற்கு முன்பே காதில் குரல் கேட்பது, சந்தேகம் என்று ஆரம்பிக்கலாம். பார்ஃபிரியா வேறு மாதிரி. அதற்குப் பழுதான பிரதி ஒன்றே போதும், சொந்தத்தில் கட்டியிருக்க வேண்டியதில்லை. தாங்க முடியாத வயிற்றுவலி, குழப்பம், பிதற்றல், வெயிலில் வைத்தால் நிறம் மாறும் மூத்திரம். சாப்பிடாமல் கிடந்தால் வலி கூடும். நம் பக்கம் இதே மாதிரி வந்தால் மருந்து வைத்துவிட்டார்கள் என்று மருந்து எடுக்கப் போவார்கள். சாமிக்கு நேர்ந்து பட்டினி விரதமும் போடுவார்கள். பார்ஃபிரியாக்காரிக்கு அந்த விரதம்தான் விஷம்.

எல்லாவற்றிலும் வைத்தியம் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது வில்சன் நோய். 1912-இல் கின்னியர் வில்சன் எழுதினார். கல்லீரலிலிருந்து செம்பை வெளியே தள்ளும் புரதம், அதுவும் ஒரு நொதிதான், பழுதாகிவிடும். செம்பு கல்லீரலிலும் மூளையிலும் கண்ணின் கருவிழி விளிம்பிலும் படியும். நன்றாகப் படித்த பையன் பின்தங்குவான், கையெழுத்து கோணும், தொட்டதற்கெல்லாம் கோபம், கை நடுங்கும், எச்சில் வடியும். மனநல மாத்திரை கொடுத்தால் நடுக்கம் கூடும். மாத்திரையால் வந்த நடுக்கம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். 1956-இல் ஜான் வால்ஷ் பெனிசிலமைன் கொடுத்துச் செம்பை இறக்கிக் காட்டினார். பிறகு துத்தநாகமும் மருந்தானது. இந்தியாவில் இந்த நோயை 1960-களில் மும்பையில் நோஷிர் வாடியாவும் தாராப் தஸ்தூரும் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் 2007-இல் முப்பது வருஷத்தில் பார்த்த 282 நோயாளிகளைப் பற்றி எழுதியது. நமக்குக் கிட்டத்தில் நடந்ததுதான் எல்லாம்.

அந்த முப்பது வருஷமும் கரிசலில் இப்படி ஒரு பிள்ளை கலங்கினால் முதலில் போனது கோடாங்கியிடம். உடுக்கடித்துக் குறி சொல்லுவார்: முனி அடித்தது, பங்காளி செய்வினை, குலதெய்வத்துக்குக் கடன். அடுத்து வேப்பிலை, அப்புறம் ஏதாவது கோயில் வாசல், அதுவும் கேட்காவிட்டால் ராமநாதபுரத்துப் பக்கம் ஏர்வாடி. அங்கே 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அவர்களில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்று இனி யாரும் கேட்க முடியாது. சங்கிலி போடுவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுத்தது 2017-இல்.

கோவிலுக்குப் போவதை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கவனித்து, அவர்களுக்கு ஓரளவு குணம் தெரிந்ததாக 2002-இல் எழுதினார்கள். இருக்க ஓர் இடமும் விரட்டாத ஆட்களும் கிடைப்பது பெரிய மருந்துதான். ஆனால் மூளையில் படிந்த செம்பை எந்தத் தீர்த்தமும் இறக்காது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சொந்தத்தில் கட்டியதுதான் வினை என்று முடிக்க வருவார்கள். அவ்வளவு லேசில் முடியாது. வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ்.எஸ். சுந்தர் ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் 1970-களில் வட ஆற்காட்டில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். கிராமங்களில் கிட்டத்தட்டப் பாதிக் கல்யாணம் சொந்தத்தில். கருச்சிதைவிலும் பிள்ளைச் சாவிலும் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்த்தார்கள், கிடைக்கவில்லை. பல நூறு வருஷம் சொந்தத்தில் கட்டி வந்ததால் மோசமான மரபணுக்கள் கொஞ்சங்கொஞ்சமாகக் கழிந்திருக்கலாம் என்று எல்.டி. சாங்வி அதற்கு முன்பே, 1966-இல், சொல்லியிருந்தார். பொதுவாக நூறு பிள்ளையில் மூன்றுக்குப் பிறவிக் கோளாறு என்றால், மாமன் மகளைக் கட்டியவர்களுக்கு ஐந்து ஆறு இருக்கும். மீதிப் பிள்ளைகள் என் பிள்ளைகளைப் போல ஓடியாடித் திரியும். நொதிக் குறையால் வரும் மனநோயும் மொத்த மனநோயில் மிகச் சிறிய பங்குதான்.

அசலில் கட்டிவிட்டால் தப்பித்தோம் என்பதும் கிடையாது. 2017-இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்தது. அவற்றில் 81 சமூகங்களில், சில மூதாதையரிடமிருந்தே பெருகியதன் தடம் பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட அழுத்தமாக இருந்தது. உதாரணமாக, வைசியர்களில் ஒரு நொதி குறைவாக இருப்பவர்கள் அதிகம். ஆபரேஷன் தியேட்டரில் சில தசை தளர்த்தும் மருந்து கொடுத்தால் மூச்சு திரும்பத் தாமதமாகும். அது தெரிந்த மயக்க மருத்துவர் முதலிலேயே சாதியைக் கேட்டு மருந்தை மாற்றிக்கொள்வார். சாதிக்குள் மட்டும் பெண் தேடுகிற வரைக்கும் ‘அசல்’ என்பதும் ஏழெட்டுத் தலைமுறை தள்ளிய சொந்தம்தான்.

வழக்கம் தானாகவே தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. டாக்டர் பேச்சைக் கேட்டு இல்லை. தீப்பெட்டி ஆபீஸும் நூற்பாலையும் பெண்களுக்குக் கைச்சம்பளம் கொடுத்தன. காட்டை மட்டும் நம்பிய காலம் போனது. பையன்கள் திருப்பூர், சென்னை என்று போனார்கள். படித்த பெண் முறைமாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் சொந்தத்தில் கட்டிய பெண்கள் 28 சதவீதம். இன்னும் அது குறையும். மறைக்கிற பழக்கம் மட்டும் குறையவில்லை. ஜாதகத்தோடு சம்பளச் சீட்டும் வருகிறது. வீட்டில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்ற தாள் வருவதில்லை.

மறைப்பதற்கும் அதே கல்யாணம்தான் காரணம். ஆச்சியின் கொழுந்தன் வீட்டுக்கு இரண்டு பெண், ஒரு பையன் என்றுதான் அவள் கணக்குச் சொல்வாள். பையன்கள் இரண்டு பேர். மூத்தவர் எனக்குச் சித்தப்பா முறை. பதினாறு பதினேழு வயதில் தனக்குத்தானே பேச ஆரம்பித்து, பல வருஷம் மாட்டுத்தொழுவத்தில் கட்டிக் கிடந்து செத்துப்போனவர். நான் ஒருதரம் கேட்டேன். “பொண்ணு கேட்டு வர்ற வீட்டுல கோட்டி இருந்துச்சுன்னு தெரிஞ்சா அந்த ரெண்டு குமரையும் யாருடி கட்டுவா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு” என்றாள். அவள் கெட்டவள் இல்லை. இரண்டு பெண்களைக் கரையேற்ற ஒரு பேரை அழித்தாள். அந்தச் சித்தப்பாவுக்கு என்ன நோய் என்று இப்போது சொல்ல வழியில்லை. பரம்பரை நோய்தானா என்பதுகூடத் தெரியாது. ஆனால் இந்தப் பக்கம் எந்த வீட்டுக் கணக்கை எடுத்தாலும் இப்படி ஒரு பேர் விட்டுப்போயிருக்கும். மருத்துவருக்கு முதலில் வேண்டியது அந்தப் பேர்தான்.

நம் ஊர்க் கிழவிகளிடம் இருப்பது போன்ற வம்சாவளி கேரட்டிடம் இருந்ததில்லை; அவர் தேடித் தேடித்தான் விசாரிக்க வேண்டியிருந்தது. நமக்குக் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும். விட்ட பேரையும் சேர்த்துச் சொன்னால் போதும். மனநல ஓ.பி.யில் பிள்ளையைக் காட்டும்போது, அம்மா அப்பா எந்த வழியில் சொந்தம், சித்தப்பா பெரியப்பா மாமன் வீடுகளில் யாராவது இளவயதில் இப்படிக் கலங்கினார்களா, மஞ்சள் காமாலையில் செத்தார்களா, காரணம் தெரியாமல் பிள்ளை தவறியதா என்று சொல்லிவிட வேண்டும். பையனுக்குக் கை நடுங்குகிறதா, எழுத்து மாறியதா, பார்வை மங்கியதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்ணை நன்றாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். வில்சனின் செம்பு வளையமும் ஹோமோசிஸ்டினூரியாவின் நழுவிய லென்ஸும் முதலில் தெரிவது கண் டாக்டருக்குத்தான். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபின், கண் பரிசோதனை நம் ஜனங்களுக்குப் பயமில்லாத காரியமாகிவிட்டது. மனநோய்க்கென்று அழைத்தால் வர மறுப்பவர் கண் காட்டக் கூப்பிட்டால் வருவார். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், ஹோமோசிஸ்டீன், ஒரு நாள் மூத்திரத்தில் செம்பு இவையெல்லாம் இப்போது பெரிய ஊர் லேப்களில் பார்க்கக்கூடியவைதான்.

சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நஷ்டமில்லை. வழக்கமான மனநல வைத்தியம் தொடரட்டும். வில்சன் என்று வந்துவிட்டால், கட்டிலில் இருக்கிற பையனுக்கு எவ்வளவு மீளும் என்பது எவ்வளவு சீக்கிரம் வந்தான் என்பதைப் பொறுத்தது. அவனோடு பிறந்த ஒவ்வொருவருக்கும் அதே நோய் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற தங்கைக்கு இன்னும் ஒரு அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். இன்றைக்கே அவளைச் சோதித்து மருந்து தொடங்கினால் அவள் நோயாளியாகவே ஆகமாட்டாள். அண்ணனை மறைப்பது தங்கையின் கல்யாணத்துக்காக என்கிறோம். மறைத்ததற்கு அந்தத் தங்கைதான் விலை கொடுப்பாள்.